பில் முதலில் சேவ் ஆக வேண்டுமா, பிரின்ட் ஆக வேண்டுமா?

சிமென்ட் கடை ஒன்றின் கம்ப்யூட்டர் திரையில் 120 மூட்டை என்று இருக்கிறது. பிரின்டரிலிருந்து வந்த டெலிவரி சலானில் 100 மூட்டை. லாரி டிரைவர் சலானைக் காட்டி, “நூறுதானே போட்டிருக்கு” என்கிறார். சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவருக்குப் போன் போகிறது: “தம்பி, உங்க புரோகிராம் தப்பா பிரின்ட் எடுக்குது.” பிரின்டரிலும் கோளாறு இல்லை, கணக்கிலும் இல்லை. 100 என்று போட்டுச் சேவ் செய்திருந்த சலானை, வாங்குபவர் இன்னும் 20 கேட்டதும் 120 என்று திருத்தி, திருத்திய கையோடு பிரின்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் பிரின்ட் என்பது திரையில் தெரிவதை அப்படியே காகிதத்தில் போடுவதல்ல. தகவலைத் தட்டும் திரையான ஃபார்ம் வேறு, அச்சுக்குப் போகும் ரிப்போர்ட் வேறு. இரண்டும் தனித்தனியாகப் போய், தகவலைச் சேமித்து வைத்திருக்கும் டேபிளிடம் கேட்கின்றன. ஃபார்மில் தட்டியது டேபிளுக்குப் போய்ச் சேராத வரை ரிப்போர்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. பழைய 100ஐத்தான் அது எடுத்துப் போடும்.

பிரின்டை வெறும் படிக்கும் வேலையாக நினைத்துத்தான் பலர் புரோகிராம் எழுதுகிறார்கள். டேபிளில் எதையும் மாற்றவில்லை, இருப்பதை எடுத்துக் காகிதத்தில் போடுகிறோம், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பில்லோ செக்கோ அச்சாகி அடுத்தவர் கைக்குப் போய்விட்டால் வெளியுலகில் ஒரு காரியம் நடந்துவிட்டது என்று பொருள். அந்தக் காரியத்தையும் ஒரு ரெக்கார்டாக எழுதி வைக்காத சாஃப்ட்வேர் என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்ளும்.

பென்சில் குறி இருக்கும் வரை

இதைப் புரிந்துகொள்ள மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் நல்ல இடம். உள்ளே நடப்பதை அது கண்ணுக்குக் காட்டிவிடும். ஆக்ஸஸ் ஃபார்மின் இடது ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். ரெக்கார்டில் ஓர் எழுத்தை மாற்றியதும் அந்தப் பட்டையில் சின்னதாக ஒரு பென்சில் தோன்றும். பென்சில் தெரியும் வரை நீங்கள் தட்டியது உங்கள் கம்ப்யூட்டரின் மெமரியில் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த ரெக்கார்டுக்கு நகர்ந்தாலோ, ஃபார்மை மூடினாலோ, ஷிஃப்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினாலோ அது டேபிளுக்குப் போகும், பென்சிலும் மறையும். அதே ஃபார்மில் இருக்கும் பிரின்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் போகாது. பட்டனை அழுத்துவது ரெக்கார்டை விட்டு நகர்ந்ததாகக் கணக்கில்லை.

ஃபார்முக்குள்ளேயே இன்னொரு ஃபார்ம், அதாவது சப்ஃபார்ம், இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். பில்லின் தலைப்பு மெயின் ஃபார்மிலும், சரக்கு வரிசைகள் சப்ஃபார்மிலும் இருக்கின்றன என்று வையுங்கள். சப்ஃபார்மில் அளவைத் திருத்திவிட்டு மெயின் ஃபார்மில் உள்ள பட்டனுக்கு வந்தால், சப்ஃபார்மை விட்டு வெளியேறும்போதே அந்த வரிசை சேவ் ஆகிவிடும். பில் சரியாக வரும். ஆனால் மெயின் ஃபார்மிலேயே உள்ள லாரி நம்பரைத் திருத்திவிட்டு அதே பட்டனை அழுத்தினால் பழைய நம்பர்தான் அச்சாகும். “சில நேரம் சரியா வருது, சில நேரம் தப்பா வருது” என்று கடையில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

புது ரெக்கார்டில் விளைவு வேறு மாதிரி. ஆக்ஸஸின் சொந்த டேபிளில், தானாகவே அடுத்த எண்ணைப் போடும் ஆட்டோநம்பர் வைத்திருந்தால், முதல் எழுத்தைத் தட்டியதுமே நம்பர் திரையில் வந்துவிடும். 2418ஆம் சலான் என்று கண்முன்னே தெரிகிறது. பட்டனை அழுத்தினால் ரிப்போர்ட் போய் 2418ஐக் கேட்கும். டேபிளில் அப்படி ஒரு ரெக்கார்டே இன்னும் இல்லை. கம்பெனி பெயரும் முகவரியும் மேலே அச்சாகி, நடுவில் வெற்றுத்தாள் வரும். டேபிள்களை மட்டும் எஸ்கியூஎல் சர்வர் என்ற பெரிய டேட்டாபேஸுக்கு மாற்றியிருந்தால், சேவ் ஆன பிறகுதான் நம்பரே கிடைக்கும். அங்கே இதே தவறு வேறொரு முகத்தோடு வரும்.

தீர்வு ஒரே வரிதான். ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன், ஃபார்மின் ‘டர்ட்டி’ என்ற பண்பைப் பார்த்து, அது உண்மை என்று இருந்தால் பொய் என்று மாற்றிவிட வேண்டும். மாற்றினால் ரெக்கார்டு சேவ் ஆகிவிடும். ஆக்ஸஸில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான வரி. ஆனால் அந்த வரி தோற்கவும் கூடும். கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் காலியாக இருந்தால் சேவ் ஆகாமல் பிழை எழும்பும். எழும்பத்தான் வேண்டும், அப்போதுதான் பிரின்ட் நிற்கும். சிலர் புரோகிராமின் தலையிலேயே ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று போட்டு வைத்திருப்பார்கள். எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். சேவ் தோற்றது யாருக்கும் தெரியாமல் பழைய சலான் கம்பீரமாக அச்சாகி வெளியே வரும்.

மைக்ரோசாஃப்டின் இன்னொரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவிலும் இதே கதைதான். பஃபரிங் போட்டிருந்தால் திருத்தம் பஃபர் என்ற தற்காலிக மெமரியில் நிற்கும், தகவலை எடுக்கும் செலக்ட் கட்டளையோ டிஸ்கில் இருப்பதைப் படிக்கும். பஃபரில் உள்ளதையும் சேர்த்துப் படிக்கும் வசதி 9ஆம் பதிப்பில்தான் வந்தது. கணக்கு சாஃப்ட்வேரான டேலி இந்த வம்புக்கே போகாமல், வவுச்சரைச் சேவ் செய்தபின் பிரின்ட் எடுக்கும்படி வவுச்சர் டைப்பிலேயே ஓர் அமைப்பைத் தந்திருக்கிறது. சேவ் முதலில், பிரின்ட் அப்புறம். வரிசை என்னவோ இதுதான். ஏன் இதுதான் என்பதற்குக் கொஞ்சம் ஆழமான காரணம் இருக்கிறது.

காகிதத்துக்கு ரோல்பேக் கிடையாது

டேட்டாபேஸின் பெரிய பலம் டிரான்ஸாக்‌ஷன். பில் எழுது, ஸ்டாக்கைக் குறை, வாடிக்கையாளர் கணக்கில் பாக்கியை ஏற்று என்று மூன்று வேலை இருந்தால், மூன்றும் நடக்கும், இல்லையேல் ஒன்றும் நடக்காது. நடுவில் கரண்ட் போனாலும் நடந்ததையெல்லாம் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜிம் கிரே, டான்டம் கம்ப்யூட்டர்ஸில் இருந்தபோது 1981இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் செயல்களை மூன்றாகப் பிரித்தார். திரும்பப் பெற வேண்டிய தேவையே இல்லாதவை ஒரு வகை. டிரான்ஸாக்‌ஷனுக்கு உட்பட்டு, வேண்டும்போது அழித்துவிடக் கூடியவை இன்னொரு வகை. மூன்றாவது, ஒருமுறை செய்துவிட்டால் திரும்பப் பெறவே முடியாத நிஜச் செயல்கள். ஏடிஎம் பணத்தை வெளியே தள்ளிவிட்டால் எந்த ரோல்பேக்கும் அதை உள்ளே இழுக்காது. பிரின்டும் இந்த மூன்றாவது வகையில் சேர்ந்ததுதான்.

நிஜச் செயலை எப்போது செய்வது என்பதற்கு விடை தெளிவானது: கமிட் ஆன பிறகு, அதாவது எல்லா மாற்றமும் டேட்டாபேஸில் உறுதியாகப் பதிவான பிறகு. ஐபிஎம்மின் ஐஎம்எஸ், அமெரிக்காவின் அப்போலோ விண்வெளித் திட்டத்துக்கான வேலையில் பிறந்து 1968இல் நடைமுறைக்கு வந்த சாஃப்ட்வேர், இப்படித்தான் நடந்துகொள்கிறது. புரோகிராம் டெர்மினலுக்கோ பிரின்டருக்கோ அனுப்பும் செய்தியை உடனே வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கமிட் ஆனால் அனுப்பும், புரோகிராம் பாதியில் விழுந்தால் செய்தியைத் தூக்கி எறிந்துவிடும். விழுந்தாலும் போயே ஆக வேண்டிய செய்திகளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று தனி வழி வைத்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? பில் 2418 அச்சாகிறது. வாங்கியவர் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதன் பிறகு கமிட் தோற்கிறது. ஸ்டாக் போதவில்லை என்று, டேபிள் மாறும்போது தானாக ஓடும் ட்ரிகர் ஒன்று மறுத்திருக்கலாம், நெட்வொர்க் கேபிள் கழன்றிருக்கலாம். டேபிளில் 2418 இல்லை. கடைசி நம்பரோடு ஒன்றைக் கூட்டி அடுத்த நம்பர் போடும் புரோகிராம் என்றால், அடுத்து வருபவருக்கும் 2418தான். ஒரே நம்பரில் இரண்டு பில் ஊரில் உலவும். ஜிஎஸ்டி விதி 46, பில் நம்பர் 16 எழுத்துக்கு மிகாமல், தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல் இருக்க வேண்டும் என்கிறது. நம்பரை, கேட்கக் கேட்க அடுத்த எண்ணைத் தரும் டேட்டாபேஸின் சீக்வென்ஸிடம் வாங்கினால் இரட்டிப்பு வராது, ஆனால் ரோல்பேக் ஆன நம்பர் திரும்பக் கிடைக்காது, நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டைக்கு ஆடிட்டரிடம் பதில் சொல்ல வேண்டும்.

கமிட் செய்துவிட்டுப் பிரின்ட் எடுக்கும்போது இடையில் கரண்ட் போனால் பில் இருக்கும், காகிதம் இருக்காது. இதுவும் தொல்லைதான், ஆனால் சமாளிக்கக் கூடியது. மறுபடி எடுத்துக்கொள்ளலாம். காகிதம் இல்லாத ரெக்கார்டைவிட ரெக்கார்டு இல்லாத காகிதம்தான் ஆபத்து.

வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு: லாக், அதாவது ஒருவர் வேலை முடிக்கும் வரை ரெக்கார்டை மற்றவர் மாற்றாமல் பூட்டி வைப்பது. டாஸ் காலத்து டிபேஸ், கிளிப்பர் புரோகிராம்கள் ஒரு ரெக்கார்டை லாக் செய்துவிட்டு, வரி வரியாக நேரே பிரின்டருக்கு அனுப்பும். நடுவில் பேப்பர் தீர்ந்துவிடும். திரையில் ‘அபார்ட், ரீட்ரை, இக்னோர், ஃபெயில்’ என்று கேள்வி வந்து நிற்கும். உட்கார்ந்திருக்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருப்பார். அந்த லாக் விடுபடும் வரை மற்ற கவுன்டர்களில் யாராலும் அந்த ரெக்கார்டைத் தொட முடியாது. பேப்பர் தீர்ந்தது ஒரு பிரின்டரில், வேலை நின்றது ஆபீஸ் முழுக்க. கிளிப்பரில் ‘இஸ்பிரின்டர்’ என்ற ஃபங்ஷன் பிரின்டர் தயாரா என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லும். தொடக்கத்தில் தயாராக இருந்த பிரின்டர் பத்தாம் பக்கத்தில் மக்கர் செய்தால் அது என்ன செய்யும்? லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பொருளுக்காகவும், எந்த மனிதருக்காகவும் காத்திருக்கக் கூடாது. ‘பிரின்ட் எடுக்கலாமா?’ என்ற கேள்விப் பெட்டியை டிரான்ஸாக்‌ஷன் திறந்திருக்கும்போது காட்டுவதும் இதே குற்றம்தான், இன்றைக்கும் செய்கிறார்கள்.

அச்சாகிவிட்டது என்று யார் சொல்வது?

சரி, கமிட்டுக்குப் பிறகு பிரின்ட். அப்புறம்? எந்தெந்த பில் அச்சானது என்று தெரிய டேபிளில் ‘பிரின்டட்’ என்று ஒரு கட்டம் வைப்பார்கள். அதை எப்போது ‘ஆம்’ என்று மாற்றுவது?

ஆக்ஸஸில் புதிதாக எழுதுபவர்கள் ரிப்போர்ட்டின் ஃபார்மேட் ஈவென்ட்டில், அதாவது ஒரு வரிசையைப் பக்கத்தில் அடுக்கும்போது தானாக ஓடும் கோடில், அந்த வேலையைச் செய்வார்கள். ஒவ்வொரு வரிசையும் காகிதத்துக்கு வரும்போது அந்த ஈவென்ட் நடப்பதால் பொருத்தமான இடம் போலத் தோன்றும். ஆனால் பிரிவியூ பார்த்தாலே அது நடந்துவிடும். பார்த்துவிட்டு பிரின்ட் வேண்டாம் என்று மூடினாலும் டேபிளில் ‘அச்சானது’ என்று ஏறிவிடும். ஒரு வரிசை பக்கத்தின் அடியில் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டால் அதே வரிசைக்கு ஈவென்ட் இரண்டு முறை நடக்கும். அடியில் ‘பக்கம் 3 / 7’ என்று மொத்தப் பக்கத்தையும் காட்டச் சொன்னால், மொத்தம் எத்தனை என்று எண்ணுவதற்காகவே ஆக்ஸஸ் ரிப்போர்ட் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுமுறை ஓட்டும். எத்தனை முறை அச்சானது என்று எண்ணும் கவுன்டரை அங்கே வைத்தால் அது தன் இஷ்டத்துக்கு ஏறும். பக்கங்களை அடுக்குவதற்காக இருக்கும் ஈவென்ட்டில் டேபிளைத் தொடும் வேலையை வைத்ததுதான் தப்பு.

விண்டோஸைக் கேட்டால் சரியான பதில் கிடைக்குமா என்றால், அதுவும் பாதிதான். புரோகிராம், பிரின்ட் வேலைகளை வரிசையில் வைத்திருக்கும் ஸ்பூலரிடம் கொடுக்கிறது, ஸ்பூலர் பிரின்டருக்கு அனுப்புகிறது. வரிசையிலிருந்து வேலை மறைந்தால் தகவல் பிரின்டருக்குப் போனது என்றுதான் அர்த்தம், காகிதம் ஒழுங்காக வெளியே வந்தது என்றல்ல. டாட் மேட்ரிக்ஸில் ரிப்பன் தேய்ந்திருந்தால் வெறும் புள்ளி வரும், தாள் கோணலாகப் போனால் எண்ணெல்லாம் கோட்டுக்கு மேலே ஏறும். எந்த டிரைவருக்கும் இது தெரியாது. பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் எஸ்ஏபி சாஃப்ட்வேரில் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ‘நாஸ்ட்’ என்ற டேபிளில் ஒரு வரிசை உண்டு, அதில் பச்சை விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. ஆனால் பிரின்டைப் பொறுத்தவரை பச்சை என்பது ஸ்பூலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கான பச்சை.

ஆகவே கடைசியில் மனிதரைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் சிறு கம்பெனிகள் பயன்படுத்தும் குவிக்புக்ஸின் டெஸ்க்டாப் பதிப்பு செக் அச்சடித்து முடித்ததும் ஒரு பெட்டியைக் காட்டி, எந்தெந்த செக் சரியாக வரவில்லை என்று குறிக்கச் சொல்லும். குறித்தவை மறுபடி ‘அச்சடிக்க வேண்டியவை’ பட்டியலுக்குத் திரும்பும். செக் தாளில் நம்பர் முன்பே அச்சாகி இருப்பதால், அச்சடிக்கும் நேரத்தில்தான் அந்த நம்பர் ரெக்கார்டில் ஏறுகிறது. அதாவது பிரின்ட்தான் ரெக்கார்டை அப்டேட் செய்கிறது. நான்காவது தாள் சிக்கி வீணானால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா நம்பரும் ஒன்று தள்ளிப்போகும். அந்தப் பெட்டி மட்டும் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் ஒரு நம்பர், பேங்குக்குப் போகும் செக்கில் வேறு நம்பர்.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் பேங்க் பாஸ்புக். ‘என்ட்ரி போட’ போகிறோம். கவுன்டரிலோ, பார்கோடு ஒட்டிய பாஸ்புக்கைச் செருகும் மெஷினிலோ, கடைசியாக விட்ட இடத்திலிருந்து அச்சாகிறது. கடைசியாக எந்த வரவு செலவு வரை போட்டோம், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் நிற்கிறோம் என்பதை பேங்கின் சாஃப்ட்வேர் ஒவ்வொரு கணக்குக்கும் வைத்திருப்பதால்தான் இது முடிகிறது. பாஸ்புக்கைத் தப்பான பக்கத்தில் செருகினால் பழைய வரிகளின் மேலேயே புது வரிகள் ஏறி ஒன்றும் படிக்க முடியாமல் போகும். மெஷினைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, குறி முன்னால் நகர்ந்துவிட்டது. இன்னொரு முறை செருகினால் ‘புதிய பதிவு எதுவும் இல்லை’ என்று துப்பிவிடும். ஊழியர் ஒருவர் அந்தக் குறியைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தால்தான் உண்டு. நடுவில் நாலு வரி அச்சாகாமல் போனாலும் ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொரு வரியிலும் பேலன்ஸ் இருப்பதால், கூட்டிக் கழித்துப் பார்த்தால் எங்கே வரி விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

பிரின்டுக்கு முன்னால் குறித்தால் விடுபடல் வரும், பின்னால் குறித்தால் இரட்டிப்பு வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், இரண்டையும் முழுதாகத் தவிர்க்கும் வழி கிடையாது. எதைத் தேர்வது என்பதைச் சரக்குதான் முடிவு செய்ய வேண்டும். கடை பில் என்றால் இரட்டிப்பு பரவாயில்லை, இரண்டாவது தாளில் ‘நகல்’ என்று போட்டால் தீர்ந்தது. கையெழுத்தோடு அச்சாகும் செக், பணத்துக்குச் சமமான டிக்கெட் என்றால் விடுபடல்தான் மேல், காணாமல் போனதை ரத்து செய்து வேறு கொடுக்கலாம்.

ஹோட்டல்களில் கிச்சனுக்குப் போகும் கே.ஓ.டி. சீட்டு இந்த விஷயத்தில் ரொம்பக் கறாரானது. நான்காம் டேபிளில் 2 மசால் தோசை சொல்கிறார்கள். சீட்டு கிச்சனில் அச்சாகிறது, வரிசையில் ‘பிரின்டட்: ஆம்’. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோசை கேட்கிறார்கள். சர்வர் அதே வரிசையில் 2ஐ 3 என்று திருத்துகிறார். ஆம்/இல்லை என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருக்கும் புரோகிராம் இப்போது இரண்டில் ஒரு தவறைச் செய்யும். ‘ஆம்’ என்பதை அப்படியே விட்டால் மூன்றாவது தோசை கிச்சனுக்குத் தெரியாது. ‘இல்லை’ என்று மாற்றினால் 3 தோசை என்று புதுச் சீட்டு போய், மாஸ்டர் இன்னும் மூன்று ஊற்றுவார், மொத்தம் ஐந்து. சரியான வழி, ஆர்டர் அளவு ஒரு கட்டத்திலும், இதுவரை கிச்சனுக்குச் சொன்ன அளவு இன்னொரு கட்டத்திலும் வைப்பது. வித்தியாசம் மட்டும் சீட்டில் வரும். வித்தியாசம் மைனஸில் வந்தால் அது கேன்சல் சீட்டு.

நீளமான ரிப்போர்ட்டும் நகரும் டேபிளும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மாதக் கடைசி ஸ்டாக் பட்டியல் எடுக்கிறீர்கள். மேலே மொத்தம் ஒரு குவெரியில், அதாவது டேபிளிடம் கேட்கும் ஒரு கேள்வியில், வருகிறது, கீழே விவரம் வேறொரு குவெரியில். இரண்டுக்கும் நடுவில் கீழ்க் கவுன்டரில் ஒரு பில் போட்டுவிட்டார்கள். விவரத்தைக் கூட்டினால் மேலே உள்ள மொத்தம் வராது. ஆரக்கிள் டேட்டாபேஸில் ஒரு குவெரி தொடங்கிய நொடியில் டேபிள் எப்படி இருந்ததோ அப்படியே அதற்குக் கடைசி வரை தெரியும். ஆனால் இரண்டு குவெரி என்றால் இரண்டு நொடி. டிரான்ஸாக்‌ஷனை ரீட் ஒன்லி என்று அறிவித்துத் தொடங்கினால்தான் இரண்டும் ஒரே நொடியைப் பார்க்கும். ரிப்போர்ட் மணிக்கணக்கில் ஓடினால், பழைய நிலையைக் காட்டத் தேவையான தகவல் அழிந்துபோய், ‘ஸ்னாப்ஷாட் டூ ஓல்ட்’ என்ற 01555ஆம் எண் பிழையோடு நிற்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் ‘ரிப்பீட்டபிள் ரீட்’ என்ற நிலையில் தொடங்கினால் போதும்.

எஸ்கியூஎல் சர்வர் பழக்கமாக லாக் போட்டே படிக்கும் என்பதால், ரிப்போர்ட் எடுக்கும்போது பில்லிங் மெதுவாகிறது என்று புகார் வரும். உடனே யாராவது ஒருவர் குவெரியில், லாக் பார்க்காமல் படி என்று சொல்லும் ‘நோலாக்’கைச் சேர்த்துவிடுவார். புகார் நின்றுவிடும். ஆனால் கமிட் ஆகாத பில்லும் இனிமேல் ரிப்போர்ட்டில் வரும். ஒரே வரிசை இரண்டு முறை வரலாம், ஒரு வரிசை வராமலும் போகலாம். கணக்கு சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டில் அதைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். பழைய நிலையின் பிரதியைக் காட்டும் வசதி 2005ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது, அதை இயக்கினால் போதும்.

மறுபடி எடுத்தால் அதே பில்தானா?

பிரின்டுக்குப் பின்னால் ரெக்கார்டு மாறும்போதுதான் உண்மையான வம்பு தொடங்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், டூத் பேஸ்ட் போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மொத்த வியாபாரி ஒருவர் அந்த ஆகஸ்ட்டில் 1,000 ரூபாய்க்கு ஷாம்பு விற்றார். வரி 180, பில் 1,180. பணமும் வாங்கியாயிற்று. அக்டோபரில் வாங்கியவர் பில்லைத் தொலைத்துவிட்டு நகல் கேட்கிறார். பில் டேபிளில் சரக்கின் எண்ணும் அளவும் மட்டும் இருந்து, வரி விகிதத்தை, சரக்குகளின் பொது விவரம் இருக்கும் அயிட்டம் மாஸ்டர் டேபிளிலிருந்து எடுத்துப் போடும் புரோகிராம் என்றால், மறுபிரின்டில் வரி 50, மொத்தம் 1,050. ஒரே நம்பர், ஒரே தேதி, இரண்டு வேறு தொகை. யாரும் பில்லைத் தொடவே இல்லை. மாஸ்டரைத்தான் மாற்றினார்கள், அதுவும் சட்டப்படி மாற்ற வேண்டியதால்.

டேட்டாபேஸ் வகுப்பில் ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்று சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டதால் வருவது இது. பில்லில் உள்ள விலை, வரி விகிதம், வாங்கியவரின் பெயர், முகவரி எல்லாம் மாஸ்டரில் உள்ளதன் இன்னொரு பிரதி அல்ல. அந்தத் தேதியில் அவை என்னவாக இருந்தன என்ற தனித் தகவல். பில் டேபிளிலேயே இருக்க வேண்டியவை அவை.

அச்சான பில்லைத் திருத்தலாமா என்பது அடுத்த கேள்வி. கடைக்காரர்கள் ‘சும்மா ஒரு ஸ்பெல்லிங்தான்’ என்பார்கள், அனுமதித்தால் அடுத்த வாரம் தொகையும் மாறும். முழுக்கத் தடுத்தால் சாஃப்ட்வேரையே மாற்றிவிடுவார்கள். நடுவழியாக எனக்குப் பிடித்தது: ஒவ்வொரு திருத்தத்துக்கும் பில்லில் ஒரு பதிப்பு எண் ஏறும். பிரின்டுக்கென்று தனி டேபிள் இருக்கும். அதில் எந்த பில், எந்தப் பதிப்பு, எத்தனையாவது நகல், யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எப்போது எடுத்தது என்று ஒரு வரி ஏறும். வாங்கியவர் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று அதைப் பார்த்தால் தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்க முடியக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியில் பிரின்ட் பற்றிப் பேச்சே இல்லை. பாதி வேலை என்றுதான் சொல்வேன்.

இ-இன்வாய்ஸில் இந்த விஷயம் இன்னும் இறுக்கமானது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். மற்ற நிறுவனங்களுக்கு விற்கும் பில்லைச் சேவ் செய்து அரசு போர்ட்டலுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து 64 எழுத்து கொண்ட ஐஆர்என் என்ற இன்வாய்ஸ் பதிவு எண்ணும் கியூஆர் குறியீடும் வரும். அவற்றை ரெக்கார்டில் ஏற்றிய பிறகுதான் பிரின்ட். நெட் இல்லை, லாரி காத்திருக்கிறது என்று அவசரத்தில் கியூஆர் இல்லாமல் அச்சடித்து அனுப்பினால், விதி 48இன்படி அது இன்வாய்ஸாகவே கருதப்படாது. அந்தக் கியூஆருக்குள் இரு தரப்பின் ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி, மொத்தத் தொகை, எத்தனை வரிசை என்பதெல்லாம் இருக்கிறது. பின்னால் கம்ப்யூட்டரில் தொகையை மட்டும் திருத்தி மறுபடி பிரின்ட் எடுத்தால், எழுத்தில் ஒரு தொகை, கியூஆரில் வேறு தொகை. வழியில் அதிகாரி ஸ்கேன் செய்தால் அங்கேயே தெரிந்துவிடும். போர்ட்டலில் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், திருத்த முடியாது. அதன் பிறகு, பில் தொகையைக் குறைப்பதற்காகத் தனியாகப் போடும் கிரெடிட் நோட்தான்.

காகிதமே இல்லாத கடைகளும் இதிலிருந்து தப்பவில்லை. பில்லை வாட்ஸப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பினால் அது காகிதம் மாதிரிதான், போனது போனதுதான். ஆனால் லிங்க் அனுப்பும் கடைகளில், அந்த லிங்க்கைத் திறக்கும்போதெல்லாம் சாஃப்ட்வேர் அப்போது டேபிளில் இருக்கும் ரெக்கார்டைப் படித்து பில்லைப் புதிதாக உருவாக்கிக் காட்டலாம். கடையில் ரெக்கார்டைத் திருத்தினால் வாங்கியவரின் போனில் உள்ள பில்லும் சத்தமில்லாமல் மாறிவிடும். அனுப்பும்போதே பிடிஎஃப்பை உருவாக்கிச் சேமித்து, லிங்க்கை அந்த ஃபைலுக்குக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. லிங்க் அனுப்பும் சாஃப்ட்வேர் விற்க வருபவரிடம் கேளுங்கள்: லிங்க் ஃபைலுக்கா, ரெக்கார்டுக்கா?